18 மில்லிவோல்ட்டில் ஒரு ஸ்தாயி: சேலத்து வெயிலிலும் ஏற்காட்டுக் குளிரிலும் ஆஸிலேட்டரைச் சுருதியில் நிறுத்துவது எப்படி

அனலாக் சின்தசைசருக்கு முதல் ஆஸிலேட்டரை, அதாவது ஒலியைப் பிறப்பிக்கும் சர்க்யூட்டை, செய்து முடித்தவுடன் வரும் சங்கடம் எல்லோருக்கும் ஒன்றுதான். நடு ஸ்தாயியில் ச-ப-ச கச்சிதமாக நிற்கும். மேல் ஸ்தாயிக்குப் போனால் சுருதி இறங்கும், கீழ் ஸ்தாயிக்கு வந்தால் வேறு எங்கோ நிற்கும். காலையில் சேர்த்த சுருதி மத்தியானம் இருக்காது. உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து ப்ரீசெட்டை, அதாவது திருகினால் ஓம் மாறும் சிறு ரெசிஸ்டரை, திருப்பத் தோன்றும். அதைத்தான் முதலில் செய்யக் கூடாது. எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் திருப்பினால், ஒரு பிழையைக் கொண்டு இன்னொன்றை மூடிவிடுவோம். பிறகு இரண்டையும் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

கீபோர்டிலிருந்து ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏற வேண்டும் என்பது பொது விதி. அந்த ஒரு வோல்ட் அப்படியே டிரான்சிஸ்டருக்குப் போவதில்லை. டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் 27 டிகிரி வெப்பத்தில் 17.9 மில்லிவோல்ட் கூடினால் கலெக்டர் மின்னோட்டம் இரட்டிப்பாகும். மின்னோட்டம் இரட்டித்தால் அதிர்வெண்ணும் இரட்டிக்கும். ஆகவே ஒரு வோல்ட்டைச் சுமார் 18 மில்லிவோல்ட்டாகச் சுருக்கித்தான் பேஸில் கொடுக்கிறோம். அந்த இடத்தில் 1 மில்லிவோல்ட் பிசகினால் 67 சென்ட் போய்விடும். இங்கே சென்ட் என்பது நிலம் அளக்கும் கணக்கு அல்ல, ஒரு ஸ்தாயியை 1200 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. அரைசுரத்துக்கு 100 சென்ட். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பதுபோல இந்த 18 மில்லிவோல்ட்டைக் காக்க வேண்டும். இனி வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

முதலில் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சாதாரண மல்டிமீட்டர் 20 வோல்ட் ரேஞ்சில் 10 மில்லிவோல்ட் படியாகத்தான் காட்டும். கீபோர்டு வோல்ட்டேஜில் அது 12 சென்ட், இந்த வேலைக்கு உதவாது. 2 வோல்ட் ரேஞ்சில் 1 மில்லிவோல்ட் வரை தெரியும், அதாவது 1.2 சென்ட். நாலரை இலக்க மீட்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் எல்எம்4040 வகை 5 வோல்ட் ரெஃபரன்ஸ் ஒன்றை வாங்கி, 0.1 சதவீத ரெசிஸ்டர் ஐந்தை வரிசையாகக் கோத்து 1, 2, 3, 4, 5 வோல்ட் படிகளை நீங்களே உண்டாக்குங்கள். ஒவ்வொரு படியையும் ஆப்-ஆம்ப் பஃபர், அதாவது வோல்ட்டேஜை மாற்றாமல் கடத்தும் இடைச் சர்க்யூட், வழியாகத்தான் எடுக்க வேண்டும். நேரடியாக எடுத்தால் ஆஸிலேட்டரின் உள்ளீடு அந்தப் படியை இழுத்துக் கீழே இறக்கிவிடும்.

அதிர்வெண்ணுக்குப் போனில் உள்ள ட்யூனர் செயலி போதும், அது சென்ட் கணக்கில் காட்ட வேண்டும். காதாலும் பார்க்கலாம். ஆறு கட்டையில், அதாவது 440 ஹெர்ட்ஸில், நிலையான ஒரு சுரத்தோடு ஆஸிலேட்டரைச் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். ஒலி வினாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அலை கேட்டால் பிழை சுமார் 4 சென்ட். அதே அலை 880-ல் 2 சென்ட், 110-ல் 16 சென்ட். அதனால்தான் கீழ் ஸ்தாயியில் காதை மட்டும் நம்பிச் சேர்த்தது மேலே போனதும் பல்லிளிக்கிறது.

மின்சாரப் பெட்டி

கடையில் டிரான்ஸ்ஃபார்மர் கேட்டால் பெரும்பாலும் 12-0-12 கையில் கொடுப்பார்கள். பிளஸ்-மைனஸ் 12 வோல்ட்டுக்கு அது போதாது. சாயங்காலம் லைன் 230-லிருந்து 195 வோல்ட்டுக்கு இறங்கினால், டயோடைத் தாண்டி உச்சத்தில் சுமார் 13.5 வோல்ட்தான் மிஞ்சும். 12 வோல்ட் ரெகுலேட்டரான 7812 ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தது 14 வோல்ட்டாவது வேண்டும். ரிப்பிளின், அதாவது மிஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கத்தின், பள்ளத்தில் ரெகுலேட்டர் கைவிடும், ஆஸிலேட்டரில் 100 ஹெர்ட்ஸ் நடுக்கம் கேட்கும். 15-0-15 வாங்குங்கள். 200 மில்லிஆம்பியர் எடுத்தால் ரெகுலேட்டரில் சுமார் 1.7 வாட் சூடாக வெளியேறும். ஹீட்சிங்க் போடுங்கள், அந்தச் சூடு ஆஸிலேட்டர் போர்டுக்கு வராத தூரத்தில் வையுங்கள். பெட்டியில் ரெகுலேட்டர் மேலே இருக்கட்டும், ஆஸிலேட்டர் கீழே. சூடு மேல்நோக்கிப் போகும்.

சர்க்யூட்டின் அளவுகள்

டிஎல்072 ஆப்-ஆம்ப் கொண்ட எளிய ரம்பப்பல் (மெல்ல ஏறிச் சட்டென விழும் அலை) ஆஸிலேட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீபோர்டு, ட்யூன் குமிழ், மாடுலேஷன் எல்லாம் தலா 100 கிலோ ஓம் வழியாக உள்ளீடுகளைக் கூட்டித் தலைகீழாக்கும் இன்வர்ட்டிங் கூட்டலுக்கு வருகின்றன. ஃபீட்பேக்கும் 100 கிலோ ஓம். கூட்டலின் வெளியீட்டிலிருந்து 49.9 கிலோ ஓம், அதோடு ஸ்கேல் ப்ரீசெட் என்று சொல்லும் 10 கிலோ ஓம் மல்டிடர்ன் ப்ரீசெட், பிறகு மின்னோட்டத்தை இரட்டிக்கும் டிரான்சிஸ்டர் ஜோடியில் முதலாவதன் பேஸ். அந்தப் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம் டெம்ப்கோ, அதாவது வெப்பத்தோடு ஓம் கூடும் ரெசிஸ்டர். இரண்டாம் டிரான்சிஸ்டரின் பேஸ் நேரே கிரவுண்டில். 17.9 மில்லிவோல்ட் வர மேல் பக்கம் மொத்தம் சுமார் 54.8 கிலோ ஓம் வேண்டும், ஆகவே ப்ரீசெட் ஏறத்தாழ நடுவில் நிற்கும். நிற்கவில்லை என்றால் திருப்பிக்கொண்டே போகாதீர்கள், ஏதோ ஒரு ரெசிஸ்டர் மதிப்பு தவறியிருக்கிறது.

25 சுற்று ப்ரீசெட்டில் ஒரு சுற்றுக்கு 400 ஓம் மாறும். அது ஸ்தாயிக்கு 8.6 சென்ட். இந்த எண்ணைப் பலகையில் எழுதி ஒட்டி வையுங்கள். மூன்று ஸ்தாயிக்குள் 26 சென்ட் குறைகிறது என்றால் ஸ்தாயிக்கு 8.7, அதாவது ஒரு சுற்று. தடவித் தடவித் தேட வேண்டியதில்லை. ஒரே சுற்றில் அடங்கிவிடும் சாதாரண ப்ரீசெட்டில் இதே வேலை கைக்கு அகப்படாது. பத்து இருபது ரூபாயை மிச்சம் பிடிக்க இது இடமல்ல.

முதல் டிரான்சிஸ்டரில் ஓடும் நிலையான மின்னோட்டத்தை 12 வோல்ட் லைனிலிருந்து எடுக்காதீர்கள். எடுத்தால் லைன் 1 சதவீதம் நகரும்போது சுருதி 17 சென்ட் நகரும். எல்எம்4040 தரும் 5 வோல்ட்டிலிருந்து 2.2 மெகா ஓம் வழியாக எடுங்கள், 2.27 மைக்ரோ ஆம்பியர் வரும். இரண்டாம் டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்தால் ரம்பப்பலை உண்டாக்கும் கெபாசிட்டர் 1 நானோ ஃபாரட். ரம்பப்பல் ஏறி முடியும் உயரத்தையும் அதே 5 வோல்ட்டே தீர்மானிக்கட்டும். இப்போது மின்னோட்டமும் உயரமும் ஒரே வோல்ட்டேஜிலிருந்து பிறக்கின்றன. அந்த வோல்ட்டேஜ் சற்று நகர்ந்தாலும் இரண்டும் சேர்ந்தே நகர்ந்து ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கூட்டலின் வெளியீடு பூஜ்யமாக இருக்கும்போது சுருதி 454 ஹெர்ட்ஸ், ஏறத்தாழ ஆறு கட்டை. இந்தப் புள்ளியை அச்சாணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் மாறினாலும் இது அசைவது மிகக் குறைவு, இதிலிருந்து விலக விலகப் பிழை வளரும். அச்சாணியை வாசிப்பு எல்லையின் நடுவில் வைப்பதற்குக் காரணம் அதுதான்.

ட்யூன் குமிழுக்கும் அதே 5 வோல்ட்தான். மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இந்தக் குமிழை மட்டும் 12 வோல்ட்டில் கட்டியிருப்பதை அடிக்கடி காணலாம். குமிழ் முழுதாகத் திறந்திருக்கும்போது லைனில் 10 மில்லிவோல்ட் நகர்ந்தால் 12 சென்ட் போய்விடும்.

டிரான்சிஸ்டர் ஜோடி

வெப்பம் ஒரு டிகிரி கூடினால் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். ஜோடியில் இரண்டும் சேர்ந்து குறைந்தால் பாதிப்பில்லை. ஒன்று மட்டும் 0.1 டிகிரி சூடானால்கூட 0.2 மில்லிவோல்ட், அதாவது 13 சென்ட். புதியவர்கள் இரண்டு தனித்தனி பிசி547 டிரான்சிஸ்டர்களை மில்லிவோல்ட் சுத்தமாகப் பொருத்த ஒரு நாளைச் செலவழித்துவிட்டு, போர்டில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுச் சால்டர் செய்துவிடுகிறார்கள். பொருத்தத்தில் 2 மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலும் அது பெரும்பாலும் மாறாத நகர்வு, ட்யூன் குமிழால் சரியாகிவிடும். இரண்டும் ஒரே வெப்பத்தில் இருப்பதுதான் அதைவிட முக்கியம்.

எஸ்எஸ்எம்2212 போன்ற, ஒரே சில்லில் வெட்டிய ஜோடி கிடைத்தால் அதையே போடுங்கள். பிசிஎம்847 சிறியது, விலையும் குறைவு, சர்ஃபேஸ் மவுண்ட் சால்டர் பழகியிருந்தால் போதும். எல்எம்394 உற்பத்தி நின்று வெகுகாலம் ஆகிறது. அந்தப் பெயரில் மலிவாகக் கிடைப்பதை நம்ப வேண்டாம்.

பிசி547 மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், ஒரே பட்டையிலிருந்து இருபது எடுங்கள். கலெக்டரையும் பேஸையும் இணைத்து, 12 வோல்ட்டிலிருந்து 100 கிலோ ஓம் வழியாக ஒவ்வொன்றிலும் சுமார் 110 மைக்ரோ ஆம்பியர் ஓடவிடுங்கள். ஒன்றை நிரந்தரமாக வைத்து மற்றவற்றை மாற்றி மாற்றி, இரண்டின் பேஸ்களுக்கு இடையே 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வித்தியாசம் பாருங்கள். விரல் பட்டால் ரீடிங் ஓடும், இடுக்கியால் பிடியுங்கள். மின்விசிறியை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருங்கள். 1 மில்லிவோல்ட்டுக்குள் வரும் இரண்டைத் தட்டையான முகங்கள் ஒட்டும்படி ஹீட்சிங்க் காம்பவுண்ட் தடவிச் சேர்த்து, டெம்ப்கோவை மேலே படியவைத்து, மொத்தத்தையும் ஹீட் ஷ்ரிங்க் குழாயில் இறுக்குங்கள். குழாயைச் சுருக்கிய சூடு ஆற அரை மணி நேரம் கொடுங்கள்.

இங்கே கிரவுண்டையும் கவனிக்க வேண்டும். டெம்ப்கோவின் கிரவுண்டும் இரண்டாம் டிரான்சிஸ்டர் பேஸின் கிரவுண்டும் ஒரே புள்ளியில் சேர்ந்து, அங்கிருந்து தனிக் கம்பியாக மின்சாரப் பெட்டிக்குப் போகட்டும். எல்இடி மின்னோட்டம் அந்தப் பாதையில் ஓடினால், ஒவ்வொரு முறை எல்இடி எரியும்போதும் சுருதி தாவும்.

டெம்ப்கோ எதற்கு

ஜோடி பொருந்திவிட்டாலும் ஒரு வெப்பக் கணக்கு பாக்கி இருக்கிறது. ஸ்தாயிக்கு 17.9 மில்லிவோல்ட் என்பது 27 டிகிரிக்கு மட்டும். 35 டிகிரியில் 18.4 வேண்டும், 20 டிகிரியில் 17.5 போதும். டிகிரிக்கு ஏறக்குறைய 0.33 சதவீதம், ஸ்தாயிக்கு 4 சென்ட்.

சேலத்தில் 36 டிகிரியில் சேர்த்த ஆஸிலேட்டரை 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள், அங்கே சாயங்காலம் 21 டிகிரி என்று வையுங்கள். 15 டிகிரி வித்தியாசத்தில் ஒவ்வொரு ஸ்தாயியும் 61 சென்ட் அகன்றுவிடும். அச்சாணியிலிருந்து இரண்டு ஸ்தாயி மேலே அரைசுரத்துக்கும் மேல் ஏறி நிற்கும், இரண்டு ஸ்தாயி கீழே அதே அளவு இறங்கி நிற்கும். ட்யூன் குமிழால் இதைத் திருத்த முடியாது. ஒரு சுரத்தைச் சரிசெய்தால் மற்ற எல்லாம் தவறும்.

டிகிரிக்கு 3300 அல்லது 3500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) கூடும் டெம்ப்கோ ரெசிஸ்டர் இதை ஈடுகட்டுகிறது. வெப்பம் ஏறும்போது அதன் ஓமும் ஏறி, பேஸுக்குப் போகும் பங்கைத் தேவையான அளவு கூட்டுகிறது. சேலத்துக் கடைகளில் இதைத் தேடி அலைய வேண்டாம், இணையத்தில் வரவழைப்பதே சுலபம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவர் இருந்தால் மற்ற சாமான்களுக்குச் சொல்லிவிடலாம். டெம்ப்கோ டிரான்சிஸ்டர் ஜோடியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். போர்டின் மறுகோடியில் இருந்தால் அது போர்டின் வெப்பத்தை ஈடுகட்டும், ஜோடியின் வெப்பத்தை அல்ல.

3340 வகை ஆஸிலேட்டர் சிப் எடுத்தவர்களுக்கு வெளியே டெம்ப்கோ வேண்டாம், இந்த ஈடு சிப்புக்குள்ளேயே நடக்கிறது. உயர் ஸ்தாயித் திருத்தத்துக்கும் அதில் 7-ஆம் பின் இருக்கிறது. முதல் ஆஸிலேட்டரை அதிலேயே தொடங்குவது நல்ல முடிவு. ஆனால் ரெசிஸ்டர், கெபாசிட்டர், கிரவுண்டு பற்றிச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

ரெசிஸ்டர், கெபாசிட்டர், சுத்தம்

கார்பன் ரெசிஸ்டர் வேண்டாம், எம்எஃப்ஆர் (மெட்டல் ஃபிலிம்) 1 சதவீதம் கேளுங்கள். 1 சதவீதம் தவறினால் ஸ்தாயிக்கு 12 சென்ட், அதை ப்ரீசெட் பார்த்துக்கொள்ளும். ஆனால் இரண்டு கீபோர்டு உள்ளீடுகளின் 100 கிலோ ஓம்கள் தமக்குள் மாறுபட்டால் எந்த ப்ரீசெட்டாலும் இரண்டையும் சேர்க்க முடியாது. ஐம்பது வாங்கி மீட்டரில் அளந்து ஒத்தவற்றைப் பொறுக்குங்கள். கெபாசிட்டர் பாலிஸ்டைரீன் அல்லது என்பி0 செராமிக். பச்சை நிற மைலார் 15 டிகிரிக்குப் பத்து சென்ட் அளவில் இழுக்கக்கூடியது, சாதாரண டிஸ்க் செராமிக் அதைவிட மோசம்.

மேலே சொன்ன அளவுகளில் 27.5 ஹெர்ட்ஸ் சுரத்துக்குக் கெபாசிட்டருக்குள் போவது வெறும் 137 நானோ ஆம்பியர். போர்டில் ஒட்டியிருக்கும் சால்டர் பேஸ்ட் ஈரம் குடித்து 1 நானோ ஆம்பியர் கசியவிட்டால் 12 சென்ட் போய்விடும். கீழ் ஸ்தாயி மட்டும் தவறி, மற்ற எல்லாம் சரியாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஏற்காட்டில் மூடுபனி வீட்டுக்குள் வரும் மாதங்களில் இது வெளிப்படும், சேலத்து வெயிலில் காய்ந்து மறைந்துகொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, முழுதாகக் காயவிடுங்கள். 2.2 மெகா ஓம் இருக்கும் இடத்தையும் விடாதீர்கள்.

மேல் ஸ்தாயி ஏன் இறங்குகிறது

ரம்பப்பல் உச்சிக்குப் போய்க் கீழே விழ ஒரு நேரம் ஆகும். 1 மைக்ரோ வினாடி என்று கொள்வோம். 440 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 2273 மைக்ரோ வினாடி, அதில் இந்த ஒன்று கூடினால் முக்கால் சென்ட்தான் குறையும், யாருக்கும் தெரியாது. 3520-ல் 6 சென்ட் குறையும், 7040-ல் 12. இது ஸ்கேல் பிழை அல்ல. ஸ்கேல் பிழை ஸ்தாயிக்கு ஸ்தாயி ஒரே அளவாகக் கூடும், இது மேலே போகப் போக இரட்டிக்கும். ட்யூனரில் ஸ்தாயிவாரியாக எழுதிப் பார்த்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

மருந்து, ஃபிராங்கோ முறை என்று சொல்லப்படும் ஒரே ஒரு ரெசிஸ்டர். கெபாசிட்டரோடு தொடராக அதைப் போடுங்கள். அதன் ஓமைக் கெபாசிட்டர் மதிப்பால் பெருக்கினால் விழும் நேரம் வர வேண்டும்: 1 நானோ ஃபாரட்டுக்கு, 1 மைக்ரோ வினாடிக்கு, 1 கிலோ ஓம். மின்னோட்டம் கூடக் கூட இந்த ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டேஜும் கூடி, உச்சியை அந்த 1 மைக்ரோ வினாடிக்கு முன்னதாகவே தொடவைக்கும். 2 கிலோ ஓம் ப்ரீசெட் போட்டால் சரிசெய்துகொள்ளலாம். ரீசெட் செய்யும், அதாவது ரம்பப்பலைக் கீழே விழவைக்கும், ஃபெட் டிரான்சிஸ்டர் கெபாசிட்டருக்கு மட்டும் குறுக்கே இருக்க வேண்டும். ரெசிஸ்டரையும் சேர்த்துக் குறுக்கே போட்டால் கெபாசிட்டர் காலியாவதே தாமதித்து, பிழை கூடிவிடும்.

மேலே போகப் போக டிரான்சிஸ்டரின் உள் எமிட்டர் ஓமும் கொஞ்சம் திருடும். 1 ஓம் என்று வைத்தாலும் 100 மைக்ரோ ஆம்பியரில் 0.1 மில்லிவோல்ட், 6.7 சென்ட். அதற்கு மேல் மின்னோட்டம் போகாதபடி வடிவமைப்பதே நல்லது.

இனி ஸ்க்ரூடிரைவர்

பெட்டியை மூடி, அரை மணி நேரம் ஓடவிடுங்கள். திறந்த பெட்டியில் மின்விசிறிக் காற்றில் சேர்த்தது, மூடியதும் மாறிவிடும். ப்ரீசெட்டை எட்ட மூடியில் சிறு துளை போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிராங்கோ ப்ரீசெட்டைப் பூஜ்யத்தில் வையுங்கள். முதலில் 110-க்கும் 880-க்கும் இடையே மட்டும் வேலை. 110-ஐ ட்யூன் குமிழால் சேர்த்து, மூன்று வோல்ட் கூட்டுங்கள். 880-க்கு எத்தனை சென்ட் கூடவோ குறையவோ இருக்கிறது என்று எழுதி, மூன்றால் வகுத்து, 8.6-ஆல் வகுத்து, ஸ்கேல் ப்ரீசெட்டை அத்தனை சுற்று திருப்புங்கள். ப்ரீசெட் ஓம் குறைந்தால் ஸ்தாயி அகலும். திருப்பும்போது 110-உம் நகரும், மறுபடி ட்யூன் குமிழால் சேர்த்து மறுபடி 880. மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் 1 சென்ட்டுக்குள் வந்துவிடும்.

பிறகு 3520-க்குப் போய் ஃபிராங்கோ ப்ரீசெட்டால் மட்டும் சேருங்கள், ஸ்கேலைத் தொடாதீர்கள். 7040-ல் சரிபாருங்கள். திரும்ப 110, 880. இரண்டும் ஒன்றையொன்று லேசாக இழுப்பதால் ஒரு முறை திரும்பிச் செய்ய வேண்டும். முடிவில் நடு ஸ்தாயிகள் கூடியும் மேல் ஸ்தாயி மட்டும் சரியாகவும் நின்றால், மேல் பிழையை ஸ்கேல் ப்ரீசெட்டால் மூடியிருக்கிறீர்கள். முதலிலிருந்து தொடங்குங்கள்.

கடைசியாக, வாசிக்கப்போகும் கீபோர்டையே இணைத்துப் பாருங்கள். அதன் வெளியீட்டில் 1 கிலோ ஓம் இருந்தால் 100 கிலோ ஓம் உள்ளீட்டில் 1 சதவீதம் கரையும். அதை ப்ரீசெட்டால் சரிசெய்துவிட்டு, பின்னொரு நாள் அதே கம்பியைப் பிரித்து இரண்டு ஆஸிலேட்டருக்குக் கொடுத்தால் ஸ்தாயிக்கு இன்னும் 12 சென்ட் சுருங்கும். பிரிப்பதானால் பஃபர் வைத்துப் பிரியுங்கள்.

வெப்பச் சோதனைக்கு ஹேர் டிரையர் வேண்டாம், அது ஒரு பக்கம் மட்டும் சுடும். விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஐந்து ஸ்தாயியையும் எழுதி ஒப்பிடுங்கள். எல்லா சுரமும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் ஜோடி, கெபாசிட்டர், ட்யூன் குமிழ் பக்கம் தேடுங்கள். அச்சாணியிலிருந்து விலக விலக நகர்வு கூடினால் டெம்ப்கோ ஜோடியைத் தொடவில்லை. மலைக்குக் கொண்டுபோவதற்கு முன் ப்ரீசெட் திருகுகளின் மேல் ஆளுக்கு ஒரு துளி நகப்பூச்சு வைத்து உலரவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவின் குலுக்கலிலும் அவை அசையாது.